பழைய சொகுசுக் காருக்குத் தீனி: யாழ்ப்பாணத்தில் முதன்முறை வாங்குபவர்களுக்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. சிறிய ஜப்பான் கார்களின் விலை ஏறிக்கொண்டே போக, இருபது இருபத்தைந்து வயதான பென்ஸும் பிஎம்டபிள்யூவும் அவற்றுக்குப் பக்கத்திலேயே, சில வேளை அவற்றுக்குக் கீழேயே வந்து நின்றன. "இந்தக் காசுக்கு பென்ஸா?" என்று யாருக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. நான் வாங்கியதும் ஒரு ஜெர்மன் கார்தான். அதன் பெயரை இங்கே இழுக்கவில்லை, பாவம். அதன்மேல் பாதிப் பிழை என்றால் என்மேல் மீதிப் பிழை.

ஒன்றை முதலில் மனதில் இருத்துங்கள். வயதாக ஆகக் குறைவது காரின் விலை மட்டுமே. பாகங்களின் விலை குறைவதில்லை. புதிதாக வாங்கிய நாளில் ஒரு வைத்தியரோ கொழும்பு வியாபாரியோ எந்தத் தரத்துப் பில்லைக் கட்டினாரோ, அதே தரத்துப் பில்தான் நாலாவது கையாக வாங்கும் உங்களுக்கும் வரும். போதாததற்கு, அது டொலரிலும் யூரோவிலும் கணக்கிடப்பட்டு வரும். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து இரண்டு மாதங்களில் 360ஐ எட்டியபோது, எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் ஓர் அங்குலமும் நகராமலே அதன் தீனிச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பானது.

1. காரைத் தேடுமுன் ஆளைத் தேடுங்கள்

யாழ்ப்பாணத்தில் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த ஊர் இது. கார்பரேட்டரில் நாலு துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பாவின் ஒஸ்ரின் அப்படித்தான் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுமந்தது. புகை வீட்டுக்குள் வரும், அம்மா திட்டுவார், கார் மட்டும் ஒன்றும் சொல்லாது.

ஆனால் அந்தக் கைவண்ணத்தை அப்படியே ஒரு ஜெர்மன் காரில் காட்ட முடியாது. அதில் சென்சர்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். ஒரு வயரை வெட்டி ஒட்டினால் எங்கேயோ இன்னொரு விளக்கு எரியும். ஆகவே கார் விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன், அதே இனக் கார் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரைக் கண்டுபிடித்து, எங்கே காட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். பிறகு அந்த மெக்கானிக்கிடம் போய், "அண்ணை, எந்தக் காரை வாங்கினால் நீங்கள் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் "அதைக் கொண்டு வராதீர்கள் தம்பி" என்று சொல்லும் கார், எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிவாகும் பிழைகளை வாசிக்கும் ஸ்கானர் அவரிடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மலிவான பொது ஸ்கானர் பெரும்பாலும் எஞ்சினை மட்டுமே வாசிக்கும். கியர்பொக்ஸ், ஏபிஎஸ், எயார்பாக் பக்கம் அது குருடு. தொண்ணூறுகளின் பென்ஸிலும் பிஎம்டபிள்யூவிலும் ஸ்கானரைச் செருகும் சொக்கட்டே வேறு: பென்ஸுக்கு 38 முனை, பிஎம்டபிள்யூவுக்கு 20 முனை, இரண்டும் பொனட்டுக்குள் வட்டமாக இருக்கும். அதற்கான இணைப்பு வயர் இல்லாத கராஜில் நடப்பது சோதனை அல்ல, சாத்திரம்.

2. எந்தக் கார்?

எளிமையானதிலிருந்து தொடங்குங்கள். என் கண்ணில் முதன்முறை வாங்குபவருக்கு ஏற்றது பென்ஸ் ஈ-கிளாஸின் டபிள்யூ 124, அதிலும் டீசல். எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் நடுவரை வந்த வடிவம். அதன் டயர் அளவு பெரும்பாலும் 195/65 ஆர் 15. பிரியஸ் ஓடுகிற அதே அளவு. ஊரில் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். சொகுசுக் காரை அளக்க இது நல்ல உரைகல்: டயருக்கே கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தால் மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பெற்றோல் டபிள்யூ 124 என்றால் 1993 முதல் 1995 வரையான எஞ்சின் வயரிங்கைத் தொட்டுப் பாருங்கள். அக்காலத்து வயர்களின் மேலுறை வெப்பத்தில் காய்ந்து அப்பளம்போல் நொறுங்கும்.

அடுத்து வந்த டபிள்யூ 210 சொகுசானது, ஆனால் துருவுக்குப் பேர்போனது. முன் ஸ்பிரிங் தாங்கும் இடமே உக்கிக் கழன்றுவிடும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். டபிள்யூ 211இல் 2006 வரையான வண்டிகளுக்கு மின்னணுப் பிரேக் இருக்கிறது. அதன் பம்பு பிரேக் அழுத்தும் தடவைகளை எண்ணிக்கொண்டே இருந்து, எல்லை வந்ததும் எச்சரிக்கை காட்டும். 2006இல் வந்த மாற்றத்துக்குப் பிந்தையது என்றால் இந்தத் தலையிடி இல்லை. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள எதையும் தொடாதீர்கள். எங்கள் வெயிலில் ரப்பர்ப் பை வெடிக்கும், காற்று கசியும், அதை ஈடுகட்ட இடைவிடாமல் ஓடிக் கம்பிரசரும் எரியும். காலையில் கார் ஒரு பக்கம் குந்தியிருந்தால் வந்த வழியே திரும்பி விடுங்கள்.

பிஎம்டபிள்யூ ஓட்ட இனிமையானது. 3 சீரிஸின் இ 46 வடிவத்தில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டி, ரேடியேட்டரின் முனைகள் என எல்லாமே பிளாஸ்டிக். வயதானால் சொல்லாமல் வெடிக்கும். பின் அச்சைத் தாங்கும் தரைத்தகடு வெடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடுத்து வந்த இ 90 வாங்குகிறவர் ரன்ஃபிளாட் டயரையும் சேர்த்து வாங்குகிறார். காற்றுப் போனாலும் ஓடும் என்பது நல்லதுதான். ஆனால் மேலதிக டயர் டிக்கியில் இல்லை, டயரின் விலையும் அதிகம், ஒழுங்கைக் குழிகளில் முதுகெலும்பு கணக்குக் கேட்கும்.

பெயருக்கு ஆசை இல்லை, சொகுசுதான் வேண்டும் என்றால் பழைய டொயோட்டா கிரவுன் இருக்கிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள்.

3. பார்க்கப் போகும் நாள்

காலையில், சொல்லாமல் கொஞ்சம் முன்னதாகப் போங்கள். பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக ஏற்கெனவே எஞ்சினை ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்: கிளப்பியதும் சங்கிலி கிலுகிலுக்கிறதா, நீலப்புகை வருகிறதா, ஒயில் மூடியின் உட்புறத்தில் பால்கோவா நிறத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பென்ஸின் எம் 271 எஞ்சினாக இருந்தால் அந்தக் கிலுகிலுப்பு டைமிங் சங்கிலி நீண்டுவிட்டதன் அறிகுறி.

பிறகு ஏசியைப் போட்டு இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். வெப்ப ஊசி நடுவை விட்டு நகரக் கூடாது. அடுத்து ஏ9 வீதியில் கைதடி, சாவகச்சேரி கடந்து கொடிகாமம் வரை ஓட்டி வாருங்கள். நல்லூரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து ஒரு காரை அறிய முடியாது. திரும்பியதும் நேரே உங்கள் மெக்கானிக்கிடம் போய், தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் புறப்படுங்கள்.

பளபளப்பைப் பார்க்காதீர்கள், பில்லைப் பாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்து பில் ஒன்றும் இல்லாத காரைவிட, கீறல் விழுந்து பத்து வருடப் பில்களைக் கோப்பில் வைத்திருப்பவரின் கார் பெரிது.

4. காசைப் பிரியுங்கள்

என் கணக்கு இது. கையில் 40 இலட்சம் இருந்தால் 28 இலட்சத்துக்கு மேலான காரைப் பார்க்கவே போகாதீர்கள். மீதி 12இல் ஏறத்தாழப் பாதி முதல் மூன்று மாதத்தில் கரையும். மறுபாதி வங்கியில் தனிப் புத்தகத்தில் கிடக்கட்டும். அது கியர்பொக்ஸுக்கும் ஏசி கம்பிரசருக்கும் ஹெட் காஸ்கெட்டுக்கும் உரியது. இந்த மூன்றில் ஒன்று ஒருநாள் வரத்தான் செய்யும். சீட்டுக் காசை முழுதாக எடுத்துக் காருக்குக் கொடுத்துவிட்டு, பிரேக் தட்டுக்கு மச்சானிடம் கை நீட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

எரிபொருளையும் கணக்கில் சேருங்கள். பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்களுக்கு ஒக்டேன் 95 வேண்டும். 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். ஆறு சிலிண்டர் எஞ்சின் கார் வைத்திருந்தவர்கள் அப்போது சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள்; நானும்தான்.

5. முதல் மாதம்

முன்னவர் என்ன செய்தார் என்று தெரியாது. ஆகவே ஒன்றும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஒயில், பில்டர்கள், பிரேக் ஒயில், கூலண்ட், பெல்டுகள், ரப்பர்க் குழாய்கள் எல்லாம் புதிதாகட்டும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒயிலில் தரம் மட்டுமல்ல, அளவும் செலவுதான். பிஎம்டபிள்யூவின் எம் 54 எஞ்சின் 6.5 லீற்றர் குடிக்கும். நாலு லீற்றர் கானைத் தூக்கிக்கொண்டு போனால் பாதியில் நிற்பீர்கள்.

கியர்பொக்ஸ் ஒயில் "ஆயுளுக்கும் போதும்" என்று எங்கேயாவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். பல ஜெர்மன் கார்களுக்குக் கியர்பொக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. பென்ஸின் 722.6 கியர்பொக்ஸில் இன்னொரு சங்கதி உண்டு: வயர் செருகும் பிளாஸ்டிக் இணைப்பின் சீல் கசிந்தால், ஒயில் வயருக்குள்ளாலேயே ஏறிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடும். இணைப்பு சிறிய காசு. பெட்டி பெரிய காசு.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டி தேயாமல் இருந்தாலும் வயதான டயரில் ஏ9இல் ஓடாதீர்கள்.

6. கிணற்றுத் தண்ணீர்

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கிறது. எங்கள் கிணறுகளின் தண்ணீர் அந்தக் கல்லிலிருந்து வருவது. வீட்டுக் கேத்திலுக்குள் எட்டிப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் இதே படிவு அதன் ஊசிக் குழாய்களிலும் எஞ்சினின் உள்வழிகளிலும் படியும். பழைய ஒஸ்ரினின் அகலமான குழாய்கள் இதைத் தாங்கின. இந்தக் கார்களின் மெல்லிய அலுமினியம் தாங்காது.

என் கார் ஒருமுறை சூடேறத் தொடங்கியது. ஒரு கராஜில் எஞ்சினின் வெப்பத்தை அளவோடு வைக்கும் தேமஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிச் சூடாகாது அண்ணை" என்றார்கள். உண்மைதான், சூடாகவில்லை. ஊசி நடுவுக்கே வரவில்லை. எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வராததால், இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கூடுதலாகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருந்தது. எட்டு மாதம் அந்தச் செலவை எரிபொருள் விலையேற்றத்தின் தலையில் போட்டேன். பிறகு வேறொருவர் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார்: பாதிக் குழாய்கள் சுண்ணாம்பால் அடைத்துக் கிடந்தன. எனக்கு முந்தியவரும், வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறோம். ரேடியேட்டர், தண்ணீர்ப் பம்பு, தேமஸ்டாட் மூன்றையும் மாற்றினேன். அந்தப் பில்லில் பல வருடங்களுக்கான கூலண்டை வாங்கியிருக்கலாம்.

எனவே உங்கள் காருக்குச் சொன்ன வகைக் கூலண்டையும் பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்த போத்தல் ஒன்று எப்போதும் டிக்கியில் இருக்கட்டும். யாராவது தேமஸ்டாட்டைக் கழற்றலாம் என்று சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

7. பாகம் எடுக்கும் வழி

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பஞ்சிகாவத்தையில் ஒரு புஷ்ஷை வாங்கிப் பார்சலில் போட்டால், பிழையான புஷ் வந்து சேர்வதற்குள் இரண்டு நாள் போய்விடும். திருப்பி அனுப்ப இன்னும் இரண்டு நாள். அதுவரை கராஜின் ஒரு தூக்கியில் உங்கள் கார் தொங்கிக்கொண்டிருக்கும். மெக்கானிக்கின் முகமும் தொங்கும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, 17 எழுத்து சேஸி இலக்கம். அதைத் தொலைபேசியில் படமாக வைத்திருங்கள். அந்த இலக்கத்தைக் கொடுத்து, பாக இலக்கத்தை எடுத்து, அதன்பிறகே விலை கேளுங்கள். "2003 மொடல், கறுப்பு நிறம்" என்று சொல்லிப் பாகம் வாங்கியவன் எவனும் ஒரே தடவையில் வாங்கியதில்லை.

கொம்பனி முத்திரை உள்ள பெட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. காரைச் செய்தபோதே பாகங்களை வழங்கிய உற்பத்தியாளர்கள் அதே பாகத்தைத் தங்கள் பெயரில் குறைந்த விலைக்கு விற்கிறார்கள்: சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபெர்டர், ஷொக் அப்சோபருக்கு சாக்ஸ், சென்சர்களுக்கு போஷ், பில்டருக்கு மான், பிரேக்குக்கு ஆட்டே. இதற்கும் கீழே பெயர் தெரியாத பெட்டிகள் இருக்கின்றன. கதவுக் கைப்பிடிக்கு அது போதும், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வேண்டாம். கழற்றிய பாகம் எடுப்பதானால் கண்ணாடி, விளக்கு, ஆசனம், கதவு எடுங்கள். தண்ணீர்ப் பம்பும் ரப்பரும் எடுக்காதீர்கள்.

எங்களுக்கு மட்டும் வாய்த்த ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியிலோ சுவிஸிலோ ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவின் மகனோ இல்லாத வீடு இங்கே குறைவு. சென்சர், இக்னிஷன் கொயில், பில்டர் போன்ற கையடக்கப் பாகங்கள் அங்கே மலிவு, சூட்கேஸில் இடமும் பிடிக்காது. ஊர் வருபவர்களிடம் சொக்லேட் கேட்பதை நிறுத்தி நாலு வருடமாகிறது. ஆனால் பாக இலக்கத்தை எழுதிக் கொடுங்கள், எயார்பாக்கையும் பற்றறியையும் கேட்காதீர்கள் (விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்), ஒருவரிடம் ஒரு தடவைக்கு மேல் கேட்காதீர்கள். உறவும் தேயும் பாகம்தான்.

8. உப்பு, சருகு, எலி

பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய் வந்தாலோ, காரைநகர் கசூரினாக் கடற்கரையில் காரை நிறுத்தினாலோ, வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மேலே துடைப்பதை எல்லோரும் செய்கிறார்கள். துரு கீழிருந்துதான் வரும்.

வேப்பமர நிழலில் நிறுத்தாதவர் இங்கே யார்? ஆனால் முன் கண்ணாடியின் அடியிலுள்ள வடிகாலில் வேப்பஞ் சருகும் பூவும் சேர்ந்து சாணம்போல் அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வெளியே போக வழியின்றி உள்ளே இறங்கும். பல ஐரோப்பியக் கார்களில் மின்னணுப் பெட்டிகள் சரியாக அந்தப் பக்கத்தில்தான், சிலவற்றில் காலடிக் கம்பளத்துக்கே கீழேதான் இருக்கின்றன. மழைக்கு முன் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கையால் அள்ளிவிடுங்கள். கூரைக் கண்ணாடி உள்ள காரென்றால் அதன் நாலு மூலை வடிகால்களையும் பாருங்கள். செலவு: அரை மணித்தியாலம்.

வயரைக் கடிக்கும் எலிக்கு மருந்து கிடையாது. வாரத்துக்கு இரண்டு தடவை காரை ஓட்டுவதுதான் மருந்து. நெல் மூட்டைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தாதீர்கள்.

9. கடதாசி

வாங்குமுன் உரிமைப் பதிவிலுள்ள சேஸி, எஞ்சின் இலக்கங்களைக் காரோடு ஒப்பிடுங்கள். சொகுசு வரி நிலுவை ஏதும் கிடக்கிறதா என்று கேளுங்கள். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். புகையில் தேறாத கார் பெரும்பாலும் சென்சரிலோ தேமஸ்டாட்டிலோ பிழையுள்ள கார். பழைய காரை என்ன பெறுமதிக்குக் காப்புறுதி செய்கிறார்கள் என்பதைப் பத்திரத்தில் வாசித்தபின் கையெழுத்திடுங்கள்.

ஒரு கொப்பியும் வாங்குங்கள். திகதி, கிலோமீற்றர், மாற்றிய பாகம், கொடுத்த காசு. மனைவி பார்க்காத இடத்தில் வைப்பதா என்பது உங்கள் விருப்பம்.

10. கார் வளவில், நீங்கள் வெளிநாட்டில்

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு ஆடி மாதத்துக்காக இங்கே கார் வைத்திருப்பவர்கள் பலர். சும்மா நிற்கும் கார் செலவில்லை என்று நினைக்கிறார்கள். ஓடும் காரைவிட நிற்கும் கார்தான் அதிகம் கெடும்: பற்றறி சாகும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், பிரேக் தட்டு துருவேறி ஒட்டும், பெற்றோல் பழுதாகும்.

போகுமுன் பற்றறியின் மறை முனையைக் கழற்றுங்கள், டயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்றடியுங்கள், கைப்பிரேக்கைப் போடாமல் சில்லுக்குக் கல் வையுங்கள், தார்ப்பாயால் இறுக மூடாமல் காற்றோடும் கொட்டிலில் விடுங்கள். முடிந்தால் நம்பிக்கையான ஒருவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பற்றறியை மாட்டி, சுன்னாகம் வரையாவது ஓட்டி வரட்டும். எஞ்சினைக் கிளப்பி ஐந்து நிமிடத்தில் நிறுத்துவதைவிடக் கிளப்பாமல் விடுவது நல்லது. சூடேறாத எஞ்சினில் ஈரம் தங்கிவிடும்.

அவரிடம் சாவியோடு கலந்த கூலண்ட் போத்தலையும் கொடுங்கள். ரேடியேட்டர் மூடிக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்: கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.